படகின் பெயர் கிஸ்தி

கோட்லா, டெல்லி
14.10.2024

அண்ணனுக்கு தாயம்மாள் எழுதுறது.

நாலு தடவை போன் போட்டுட்டேன். நாலு தடவையும் மதினிதான் எடுத்தாங்க. பின்னால நீங்க இருமுற சத்தம் கேக்குது. குடுங்கன்னா, "அவுக பேச மாட்டேங்காக தாயி"ன்னு மதினி சொல்றாங்க.

எங்க வீட்டுக்காரரோட பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு, வந்த சனம் இலையில கை வச்ச நேரம் பார்த்து எந்திரிச்சு நின்னீங்க. "இனி இவகூட ஒரு வார்த்தை பேசினா என்னைச் செருப்பால அடிங்க"ன்னு சொன்னீங்க. எதுக்கு? உங்ககூட தூத்துக்குடிக்கு வர மாட்டேன்னு நான் சொன்னதுக்கு. சரி, பேச வேணாம். எழுதக் கூடாதுன்னு நீங்க சொல்லலை. அப்பா என்னை அஞ்சாவது வரைக்கும் படிக்க வச்சது இதுக்காவது ஆகட்டும். தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கோங்க.

எனக்கு ஒரு விவரம் வேணும். முப்பது வருசமா விசைப்படகு என்ஜின் ரிப்பேர் பாக்குறீங்க. எனக்குத் தெரிஞ்ச படகுக்காரர் நீங்க ஒருத்தர்தான். நான் ஒரு படகு வாங்கணும்.

பதறாதீங்க. பொம்மைப் படகு. ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு கரையில நின்னு ஓட்டுறது. ஆனா சின்னப் பிள்ளைங்க தொட்டியில விடுறது இல்ல. நல்ல வேகமா போகணும்.

அவர் ஆபீஸ்ல ஸ்ரீவத்ஸன் ஸாருக்கு டிரைவரா இருந்தது உங்களுக்குத் தெரியும். ஸாருக்கு இந்தப் படகுன்னா உசிரு. ஞாயித்துக்கிழமை ஆனா பார்க் குளத்துல பத்துப் பேர் சேர்ந்து ஓட்டுவாங்க. இவர் ஸாரைக் கொண்டு விட்டுட்டு, கரைக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். ஸார் ரிடையர் ஆன பிறகும் இவர் தனியா பஸ் ஏறிப் போய் நிப்பார். கேட்டிருந்தா ரிமோட்டை யாராச்சும் குடுத்திருப்பாங்க. கேக்க மாட்டார். "சொந்தமா வாங்கித்தான் தொடணும் தாயம்மா"ம்பார். பிஸ்கட் டப்பாவில காசு போடுவார். டப்பா நிறையும், ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகும். மறுபடி நிறையும், எனக்குக் கண் ஆபரேஷன் வரும். ஜூன் மாச வெயில்ல அவர் போயிட்டார். டப்பா இருக்கு. உள்ளே நாலாயிரத்துச் சொச்சம். அதுக்கு மேல போட எங்கிட்டயும் இல்ல.

பிப்ரவரியில, புதுசா ஓட்டக் கத்துக்கிட்டவங்களுக்குன்னு ஒரு போட்டி வைக்கிறாங்க. குளத்துல மூணு சுத்து. நான் ஓட்டப் போறேன். எதைப் பார்த்து வாங்கணும்னு எழுதுங்க.

பிள்ளைகுட்டி இல்லாத பொம்பளைக்குப் பொம்மை எதுக்குன்னு கேப்பீங்க. கேளுங்க.

தாயம்மாள்

*

தூத்துக்குடி
23.10.2024

தாயம்மாளுக்கு அண்ணன் விஜயன்.

எழுத மாட்டேன்னு நான் சொல்லலை. வாஸ்தவம். வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவ, அஞ்சாவதோட நின்னுட்டே.

உன் காயிதத்தை உங்க மதினி சத்தமா வாசிச்சா. பொம்மைப் படகுன்னதும் நான் தட்டுல கையைக் கழுவிட்டேன். மச்சான் போயி ஆறு மாசம் ஆகலை. கவர்மெண்டு வீட்டைக் காலி பண்ணிட்டு ஒத்தை ரூமுல கிடக்கே. சரோஜினி நகர் பிளாட்பாரத்துல தையல் மிஷினைப் போட்டு, ஊரான் சேலைக்கு ஃபால் தைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. ஒரு காய்ச்சல் வந்தா கஞ்சி காய்ச்ச ஆள் உண்டா? இங்க மாடி ரூமு சும்மா கிடக்கு. மதினிக்கு முட்டுவலி, மாடிப்படி ஏற முடியலை. வீட்டுக்கு ஒரு ஆள் வேணும். இதைச் சொன்னா உனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வருது.

ஏட்டி, பாட்டரியில ஓடுறதெல்லாம் படகா? என்ஜின்னா புகை வரணும். கை கறுக்கணும்.

சரி, ஒண்ணு சொல்லுதேன். பந்தயம். டப்பாக் காசுக்குள்ள, ஏமாறாம, நீயா போயி ஒரு படகு வாங்கு. அந்தப் போட்டியில மூணு சுத்தும் முடிச்சுக் கரை சேரு. சேந்துட்டேன்னா, நீ அந்த ஊர்ல தனியாப் பிழைச்சுக்கிடுவேன்னு ஒத்துக்கிடுதேன். சாகுற மட்டும் ஊருக்கு வான்னு சொல்ல மாட்டேன். முடியலையா, மறுநாளே மூட்டையைக் கட்டி ரயில் ஏறணும். அழக் கூடாது, வக்கீல் பேச்சும் பேசக் கூடாது.

சம்மதம்னா எழுது.

விஜயன்

*

கோட்லா
31.10.2024

அண்ணனுக்கு,

சம்மதம்.

இன்னிக்குத் தீபாவளி. நமக்கு இந்த வருசம் கிடையாது. தெரு முழுக்க வெடிச் சத்தம். நான் கதவைச் சாத்திக்கிட்டு எழுதுறேன்.

முந்தாநாள் கரோல் பாக் போனேன். பொம்மைக் கடைகள் ஒரு சந்து முழுக்க இருக்கு. உள்ளே போய் என்ன பேர் சொல்லிக் கேக்குறதுன்னு மெட்ரோவுல யோசிச்சுக்கிட்டே போனேன். குளத்துல கடலை விக்கிற கிழவர் படகைக் "கஷ்தி, கஷ்தி"ன்னு சொல்லுவார். அது என் வாயில கிஸ்தின்னு வந்துட்டுது. நம்ம வீட்டுல அப்பா வருசா வருசம் கட்டினாரே நிலத்துக்குக் கிஸ்தி, அதைக் கேட்டு வளர்ந்த வாய்தானே!

"பையா, ஏக் கிஸ்தி சாஹியே. தேஸ்வாலீ!" அப்படின்னேன். வேகமா போற கிஸ்தி ஒண்ணு குடுன்னு அர்த்தம்.

அவன் என்னை மேலேயும் கீழேயும் பார்த்தான். "மாதாஜி, இங்க கிஸ்த்ல எல்லாம் தர்றதில்ல. நக்த் கொண்டாங்க." கிஸ்த்னா இவங்களுக்குத் தவணையாம். நக்த்னா ரொக்கம். எனக்கு அது அப்பப் புரியலை. பிச்சை கேக்குறேன்னு நினைச்சுட்டான்னு நெஞ்சு கொதிச்சுட்டுது. "நான் என்ன ஓசியிலயா கேட்டேன்? காசு குடுத்துக் கிஸ்தி கேக்குறேன்! நல்ல கிஸ்தி! தண்ணியில ஓடுற கிஸ்தி!"ன்னு டப்பாவைத் தூக்கி மேஜை மேல வச்சேன். "தண்ணியில ஓடுற தவணையா!"ன்னு ஒருத்தன் சொன்னான், கடையில இருந்த அத்தனை பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. புரிஞ்சதும் எனக்கும் சிரிப்பு வந்துட்டுது. அண்ணே, ஜூன் மாசத்துக்கு அப்புறம் நான் சிரிச்சது அன்னிக்குத்தான். சிரிச்சுட்டு வெளியில வந்து, சிரிச்சுட்டோமேன்னு கொஞ்ச நேரம் படியில உக்காந்திருந்தேன்.

டப்பாக் காசுக்குள்ள மூணு படகு காட்டினான்.

ஒண்ணு சிவப்பு, லைட் எரியுது. பெட்டியில அம்பது கிலோமீட்டர் வேகம்னு போட்டிருக்கு. இவ்வளவு காசுக்கு அம்பது வருமான்னு கேட்டா, "லிக்கா ஹை நா!"ங்கிறான். எழுதியிருக்காம், அதனால வருமாம்.

இன்னொண்ணு என் கை நீளம். பாக்க ராஜா மாதிரி இருக்கு.

மூணாவது நீலமும் வெள்ளையும். குட்டை. அழகு கிடையாது. இருபத்தஞ்சுதான் போட்டிருக்கு. அடிப்பக்கம் கத்தி முனை மாதிரி கூர்மை. குப்புற விழுந்தா தானா நிமிர்ந்துக்குமாம்.

தையல் மிஷின் வாங்கும்போது என் வழக்கம், முதல்ல ஊசி கிடைக்குமான்னு கேப்பேன். அதே மாதிரி மூணையும் காட்டி, "இதுல எது முதல்ல உடையும்?"னு கேட்டேன். முதல் ரெண்டுக்கும், "எதுவுமே உடையாது மாதாஜி"ன்னான். மூணாவதுக்கு மட்டும், "பின்னாடி விசிறி உடையும், இதோ"ன்னு சுவத்துல தொங்குறதைக் காட்டினான். ஒரு கொத்தே தொங்குது.

எதை வாங்கட்டும்?

தாயம்மாள்

*

தூத்துக்குடி
9.11.2024

தாயி,

தண்ணியில நீளம்தான் வேகம். சாதாரண அலைக்கு நீளப் படகு மசியாது. நம்ம ஆளுக அத்தனை பேரும் அதைத்தான் சொல்லுவானுக. ஆகையினால ரெண்டாவது.

அப்படின்னு எழுதிட்டுப் பட்டறைக்குப் போயிட்டேன். போன இடத்துல ஒருத்தன் வெளிநாட்டு என்ஜின் ஒண்ணைக் கொண்டாந்து வச்சிருக்கான். பளபளன்னு இருக்கு. உதிரி கேட்டா சிங்கப்பூர்ல இருந்து வரணுமாம். மூணு மாசமா அந்தப் படகு கரையில கிடக்கு. அதனால சொல்லுதேன், மூணாவதை வாங்கு. உதிரி இல்லாத ராஜாவை விட உதிரி உள்ள கழுதை மேல்.

சிவப்பைத் தொடாதே. லைட்டு வச்ச படகுல காசு லைட்டுக்குப் போயிரும், மோட்டாருக்குப் போகாது.

வாங்கும்போது விசிறியைக் கையால சுத்திப் பாரு. தடையில்லாமச் சுத்தணும். கரகரன்னா வேண்டாம். பாட்டரி ஒரு தடவை ஏத்தினா எம்புட்டு நேரம் ஓடும், திரும்ப ஏற எம்புட்டு நேரம்னு கேளு. ஓடுறது பத்து நிமிசம், ஏறுறது ரெண்டு மணி நேரம்னு சொல்லுவான். அதனால ரெண்டு பாட்டரி இருந்தாத்தான் போட்டிக்கு ஆகும். டப்பாவுல அதுக்குக் காணாதுன்னா அது உன் பாடு.

கிஸ்தி கதையைப் பட்டறையில சொன்னேன். பக்கத்துப் பட்டறைச் சேஷன் சிரிச்சுச் சிரிச்சு டீயைக் கொட்டிட்டான்.

விஜயன்

தாயி, மதினி எழுதுதேன். அவுக பாக்காத நேரம் எழுதுதேன். உங்க அண்ணன் என்ஜின் கதை சொல்லுதாகளே, அதுக்கு முந்தின நாள் பஜார்ல போயி மூணு பொம்மைக் கடை ஏறி இறங்கியிருக்காக. ஒண்ணு வாங்கியும் வந்துட்டாக. பட்டறைத் தண்ணித் தொட்டியில கிடக்கு. நான் சொன்னேன்னு சொல்லிராதே.

*

கோட்லா
24.11.2024

அண்ணனுக்கு,

நீங்க ஜெயிச்சுட்டீங்க.

நீலத்தைத்தான் வாங்கினேன். கடைக்குள்ள நுழையும்போதே, "ஆவோ ஆவோ, கிஸ்திவாலி அம்மா!"ன்னு கடையே கூப்பிட்டுது. விசிறியைச் சுத்திப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. ரெண்டாவது பாட்டரிக்குக் காசு காணலை. வேணாம்னு எந்திரிச்சேன். கடைக்காரன் சிரிச்சுக்கிட்டே, "கிஸ்தி கேட்டீங்களே அம்மா, பாட்டரியைக் கிஸ்தியிலயே தர்றேன், மாசா மாசம் இந்தப் பக்கம் வந்து குடுங்க"ன்னுட்டான். தப்பாப் பேசினதுக்கு ஒரு பாட்டரி கிடைச்சுது. அம்புட்டு சந்தோசமா வந்தேன்.

ராத்திரி சார்ஜ் போட்டு, காலையில கட்டில் மேல வச்சு விசையை அமுக்கினேன். ஓடலை. திருப்பி வச்சேன். பாட்டரியை மாத்தினேன். ரிமோட்ல பச்சை லைட் எரியுது, படகு செத்த மீன் மாதிரி கிடக்குது. தரையில வச்சேன், மேஜையில வச்சேன். ஒரு அசைவு இல்ல.

அவரு இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்னு உக்காந்து யோசிச்சேன். நான் எதையாச்சும் இழுத்து இழுத்துச் சொன்னா அவரு வலது காலால தரையை அமுக்குவார், ஆக்ஸிலேட்டர் மாதிரி. ஜல்தி சொல்லு தாயம்மான்னு அர்த்தம். இன்னிக்கு நான் படகைப் பத்தி ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொன்னேன். தரையை அமுக்க யாரும் இல்ல. கேவலமா அழுதேன். பக்கத்து ரூம்காரம்மா வந்து கதவைத் தட்டினா, திறக்கலை.

மாடி ரூமைக் கூட்டி வைக்கச் சொல்லுங்க.

தாயம்மாள்

25.11.2024

மேலே எழுதினதைக் கிழிக்கலை. இன்லண்ட் லெட்டர் வீணாப் போகும். மிச்ச இடத்துல எழுதுறேன்.

காலையில துணி முக்கி வச்ச பக்கெட் பக்கத்துல படகு கிடந்துது. கால் பட்டுத் தண்ணிக்குள்ள விழுந்துட்டுது. ரிமோட் என் கையில. எரிச்சல்ல விசையை அமுக்கினேன். அண்ணே! பக்கெட்டுத் தண்ணி பூரா என் மூஞ்சியில! சேலை, சுவர், விட்டம் எல்லாம் சோப்பு நுரை! படகு வெளியில குதிச்சு வந்து விழுந்து மறுபடி செத்துப் போச்சு.

அடியில ரெண்டு சின்னப் பித்தளைப் புள்ளி இருக்கு. அது ரெண்டும் தண்ணியில நனைஞ்சாத்தான் மோட்டார் சுத்துமாம். கை வெட்டிடக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கான். பெட்டியில படம் போட்டுருக்கு, நான் பார்க்கலை. தரையில எத்தனை தடவை அமுக்கினாலும் ஓடாது. தண்ணி வேணும்.

மாடி ரூமுக்கு நான் வந்து உக்காந்தா நானும் அப்படித்தான் இருப்பேன் அண்ணே. கோவத்துல சொல்லலை. இங்க காலையில மிஷினைத் தூக்கி வச்சதும் நாலு பேர் "அம்மா, என் சேலை ஆச்சா?"ன்னு வந்து நிக்கிறாங்க. பேரம் பேசுறேன், சண்டை போடுறேன். எனக்குத் தண்ணி இங்க.

ரூமைக் கூட்ட வேணாம்.

*

தூத்துக்குடி
4.12.2024

தாயி,

ரூமைக் கூட்டியாச்சு. பெயிண்டும் அடிச்சாச்சு. சும்மா எழுதிட்டு மறுநாள் மாத்தினா நான் என்ன செய்ய?

தரையில வச்சு மோட்டாரை ஓட்டிப் பாத்தியே, அதுவே தப்பு. தண்ணி இல்லாம ஓடினா சூடு ஏறிக் கருகிப் போகும். நல்லவேளை, அந்தப் புள்ளி உன்னைக் காப்பாத்திச்சு. ஓட்டி முடிச்சதும் துடைச்சு, தண்டுக்குக் கிரீஸ் ஒரு பொட்டு வை. தையல் மிஷின் எண்ணெயை விட்டுத் தொலைக்காதே, உன் புத்தி அங்கதான் போகும்.

முன்பக்கம் தூக்கிக்கிட்டு ஓடினா பாட்டரியை ரெண்டு விரற்கடை முன்னால தள்ளி ஒட்டு.

இனி முக்கியமானது. தண்ணியில பிரேக் கிடையாது. சுக்கான் திரும்பணும்னா விசிறி தண்ணியைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். திருப்பத்துல விசையை விட்டேன்னா படகு நேராப் போயி முட்டும். ஆகையால திருப்பத்துல விடாதே. அமுக்கு.

உன் கடைசி வரியை மதினி ரெண்டு தடவை வாசிச்சா. 

விஜயன்

*

கோட்லா
20.1.2025

அண்ணனுக்கு,

பொங்கலுக்கு மதினி அனுப்பின பனங்கிழங்கு வந்துச்சு. குளிர்ல விரல் மடங்கலை, அதான் எழுத்து கோணல்.

நாலு ஞாயிறு குளத்துல ஓட்டிட்டேன். முதல் ஞாயிறு பனியில எதிர்க்கரை தெரியலை. படகு அதுபாட்டுக்குப் பனிக்குள்ள போயிட்டுது. ஸ்ரீவத்ஸன் ஸார் கயிறு கட்டின பந்தைப் போட்டு இழுத்துக் குடுத்தார். ஸாருக்கு வயசு எழுபது. "தாயம்மா, ராஜமாணிக்கத்தை நான் ஒரு தடவை கூப்பிட்டு ஓட்டுன்னு சொல்லியிருக்கலாம். தோணவே இல்ல பாரு"ன்னார். நான் சொன்னேன், "நீங்க குடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார் ஸார். வீம்பு." அதுக்கு ஸார் சிரிச்சார். அப்புறம் கண்ணாடியைத் துடைச்சார்.

ஒரு சண்டை இருக்கு. நீங்க திருப்பத்துல அமுக்குங்கிறீங்க. அவரு நாப்பது வருசம் ஸ்டியரிங் பிடிச்சவரு. கம்பியில நின்னுக்கிட்டு, யார் படகு கவுந்தாலும், "வளைவுல காலை எடுக்கணும், எடுக்க மாட்டேங்கிறான் பாரு"ன்னு முணுமுணுப்பார். உங்க ரெண்டு பேருக்கும் உயிரோட இருந்தப்பவே ஒத்துப் போகாது.

ரெண்டையும் செஞ்சு பார்த்தேன். நீங்க சொன்னபடி அமுக்கினேன், குப்புற அடிச்சுது. அவரு சொன்னபடி முழுசா விட்டேன், நேராப் போய், திருப்பத்துக்கு அடையாளமா மிதக்க விட்டிருக்கிற ஆரஞ்சு டிரம்முல முட்டிச்சு. ஒரு விசிறி போச்சு. சுவத்துல தொங்கினதுல ஒண்ணு வாங்கி மாட்டினேன். அப்புறம் நானே ஒண்ணு பண்ணேன். வளைவுக்கு முன்னாடியே பாதி விடுறது, பாதி பிடிச்சுக்கிட்டே திரும்புறது, மூக்கு நேரானதும் முழுசா அமுக்குறது. வழுக்கிக்கிட்டுப் போகுது. பாதி நீங்க, பாதி அவர், ஓட்டுறது நான்.

குப்புற விழுந்தா விசையை விட்டுட்டுச் சும்மா இருக்கணும். படகோட ஒரு பக்கத்துல இருக்கிற சின்ன அறைக்குள்ள தண்ணி புகுந்து, அந்தக் கனத்துல தானா உருண்டு நிமிர்ந்துடுது. அமுக்கிக்கிட்டே இருந்தா நிமிராது. பதட்டத்துல அதுதான் எனக்கு மறந்து மறந்து போகுது.

போட்டி பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு காலையில. மதினியை எனக்கு போன் போடச் சொல்லுங்க. ஸார் போனைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறதைச் சொல்லுவார். மதினிக்குத்தான். நீங்க இருமிக்கிட்டுப் பக்கத்துல இருந்தா நான் என்ன செய்ய முடியும்?

தாயம்மாள்

*

தூத்துக்குடி
29.1.2025

தாயி,

பாதியும் பாதியும்னு கண்டுபிடிச்சியே, அதை நான் தொட்டியில ஓட்டிப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு.

தொட்டியில எப்படி ஓட்டினேன்னு கேக்காதே. மதினி உங்கிட்ட உளறியிருப்பான்னு தெரியும்.

போட்டியன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்னு பாரு. மத்தவன் படகு கிளப்புற அலையைக் குறுக்க வாங்காதே, மூக்கால வாங்கு. ரெண்டாவது பாட்டரியைத் துணியில சுத்தி மடியில வச்சுக்கோ, குளிர்ல பாட்டரி சோர்ந்து போகும்.

தோத்தா மாடி ரூமு. அது பந்தயம். அதுல மாத்தம் இல்ல.

தோத்துராதே.

விஜயன்

*

தூத்துக்குடி
10.2.2025

தாயம்மாளுக்கு,

நேத்து போன்ல நீ கேட்டது என் சத்தம் இல்ல. முதல்ல அதைத் தெளிவாச் சொல்லிருதேன்.

நடந்தது என்னன்னா, போன் மதினி கையில இருந்துச்சு. உங்க ஸார் நல்லாத்தான் சொன்னார். முதல் சுத்துல நீ நாலாவது, ரெண்டாவது சுத்துல ரெண்டாவதுன்னார். நான் அந்தப் பக்கமா ஒரு நட்டைத் தேடிக்கிட்டு இருந்தேன். கடைசிச் சுத்துல, "ஐயோ, பக்கத்துப் படகு அலையில தாயம்மா படகு கவுந்துடுத்து"ன்னு அவர் சொன்னதும் மதினி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா. அந்தப் பக்கம் விர்ர்ர்னு மோட்டார் சத்தம் மட்டும் கேக்கு. நீ விசையை விடலை. அமுக்கிக்கிட்டே நிக்கே.

அப்பத்தான் பக்கத்துப் பட்டறைச் சேஷன் யாரையோ பாத்துக் கத்தினான். "தாயி! கையை எடு! கையை எடுட்டீ! அது தானா நிமிரும்!"ன்னு. சேஷனுக்கு உன் பேரு எப்படித் தெரியும்னு கேக்காதே. அவன் ஒரு மாதிரி ஆளு.

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கைதட்டுற சத்தம் கேட்டுச்சு. மதினி அழுதா. போனைக் கட் பண்ணது அவதான்.

பந்தயம் பந்தயம்தான். மாடி ரூமை ஒரு காலேஜ் பையனுக்கு வாடகைக்குப் பேசி விட்டாச்சு. இனி நீயே வாரேன்னாலும் இடம் கிடையாது.

எத்தனாவது வந்தே? உங்க ஸார் சொல்லும்போது சேஷன் ரொம்பச் சத்தம் போட்டுட்டான், காதுல விழலை.

விஜயன்

*

கோட்லா
18.2.2025

அண்ணனுக்கு,

முதல்ல வந்தேன்.

இன்னொரு தடவை எழுதுறேன், எனக்கே எழுதிப் பாக்க ஆசையா இருக்கு. முதல்ல வந்தேன்.

ஏழு படகு. எல்லாரும் என்னை விடச் சின்ன வயசு, காலேஜ்ல படிக்கிறவங்க, ஆபீஸ் போறவங்க. காலையில பேர் குடுக்கும்போது படகு பேர் என்னன்னு கேட்டாங்க. படகுக்குப் பேர் வேணும்னு எனக்குத் தெரியாது. கிஸ்தின்னு வந்துட்டுது வாயில. மைக்ல ஹிந்தியில சொன்னாங்க, படகு கிஸ்தி, டிரைவர் தாயம்மாள்னு. இருபத்தெட்டு வருசம் நான் காலனியில டிரைவர் பொண்டாட்டி. அன்னிக்கு டிரைவர். திரும்பிப் பார்த்தேன், அவர் நிக்கிற கம்பிப் பக்கம். அங்க கடலைக் கிழவர்தான் நின்னார். அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

முதல் ஓட்டத்துல மூணு படகைக் கழிச்சுட்டாங்க. கடைசி ஓட்டம் உடனே. மத்தவங்க பாட்டரி பாதி தீர்ந்து போச்சு, சார்ஜ் போட நேரம் இல்ல. நான் மடியில இருந்து சூடா எடுத்து மாட்டினேன். கரோல் பாக் பையாவுக்கு அந்த நிமிசமே ஒரு கும்பிடு போட்டேன்.

வளைவுல எல்லாம் பாதி விட்டு, பாதி பிடிச்சு. என் வலது கால் அதுபாட்டுக்குத் தரையை அமுக்குது அண்ணே. வளைவு வந்தா தானா மேல தூக்குது. நான் தூக்கலை.

கடைசிச் சுத்துல கவுந்தப்ப என் கை இறுகிப் போச்சு. ஸார் சொல்றார், சுத்தி நிக்கிற சனம் சொல்லுது, ஒண்ணும் காதுல ஏறலை. போச்சுன்னு நினைச்சேன். மாடி ரூமுப் பெயிண்ட் என்ன கலருன்னு யோசிச்சேன், அது நிஜம். அப்ப ஸார் கையில இருந்த போனுக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. குளத்துல இருந்த வாத்து எல்லாம் பறந்துட்டுது. என் கை தானா விட்டுட்டுது. ஒண்ணு, ரெண்டு எண்ணுறதுக்குள்ள கிஸ்தி உருண்டு நிமிர்ந்து தலையை உதறிச்சு. முன்னால போன படகு கடைசி டிரம்முல முழு வேகத்துல திரும்பி, அதுவும் கவுந்துச்சு. அதுக்குத் தானா நிமிரத் தெரியாது. சிவப்பு. லைட் எரிஞ்சுக்கிட்டே கிடந்துச்சு. நான் பக்கத்துலயே போனேன், மூக்கால அலையை வாங்கிக்கிட்டு. மத்த ரெண்டு படகும் பாட்டரி சோர்ந்து பின்னாலயே ஊர்ந்துச்சு.

கோப்பை பித்தளை. டப்பா மேல வச்சிருக்கேன். டப்பாவில இப்ப மறுபடி காசு போடுறேன், பாட்டரிக் கிஸ்திக்கு. கடைக்காரன் வேணாம்கிறான், கடையில என் படத்தை மாட்டிட்டானாம். அது வேற, இது வேறன்னு சொல்லிட்டேன்.

ஹோலிக்குப் பிறகு குளிர் விட்டுடும். நீங்களும் மதினியும் வாங்க. ஒத்தை ரூம்தான், மூணு பேர் படுக்கலாம். உங்க தொட்டிப் படகையும் துணியில சுத்திக் கொண்டாங்க. குளத்துல ரெண்டு பேரும் விட்டுப் பாப்போம், எது படகுன்னு.

சேஷன் அண்ணாச்சிக்கு என் நன்றியைச் சொல்லுங்க. நல்ல மனுசர். குரல்தான் உங்களை மாதிரியே இருக்கு, நடுவுல இருமல் உட்பட.

ஒண்ணு மட்டும் பாக்கி. அன்னிக்கு இலைக்கு முன்னால சத்தியம் பண்ணீங்களே, பேசினா செருப்பால அடிங்கன்னு. நான் போன்ல எண்ணிக்கிட்டேன், எட்டு வார்த்தை. வரும்போது நல்ல ரப்பர் செருப்பா ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க. பயப்படாதீங்க, அண்ணனாச்சே, மொத்தமா அடிக்க மாட்டேன். கிஸ்தியில வாங்கிக்கலாம்.

டிரைவர் தாயம்மாள்